தண்டாலா, ராடா, கர்லாக்கட்டையா? – உடற்பயிற்சி கேள்வி பதில்

மேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஒரு வருஷமாகத் தினமும் 100 தண்டால், 200 பஸ்கி எடுக்கிறேன். முதல் நான்கு மாதம் நெஞ்சும் தொடையும் நன்றாக ஏறின. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. எண்ணிக்கையைக் கூட்டச் சொல்கிறார் தாத்தா. ஜிம்முக்குக் கூப்பிடுகிறார்கள் நண்பர்கள். என் எடை 60 கிலோ. யார் பேச்சைக் கேட்பது?

ஜிம்முக்குப் போகாமலும் இதைச் சரிசெய்யலாம், தம்பி. ஆனால் தாத்தா சொல்லும் வழி உங்களுக்கு இப்போது உதவாது.

தண்டாலில் கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. உங்களுக்கு அது 40 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆரம்பத்தில் அது பெரிய பாரம். இருபதாவது தண்டாலிலேயே கை நடுங்கியிருக்கும், அதனால்தான் தசை வளர்ந்தது. இப்போது அதே 40 கிலோ உங்கள் நெஞ்சுக்கு ஒரு பொருட்டே இல்லை. 100ஐ 150 ஆக்கினால் தம் கூடும், பலம் கூடாது. பலத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு செட்டை, அதாவது ஓய்வில்லாமல் தொடர்ந்து எடுக்கும் ஒரு தொகுதியை முடிக்கும்போது, இன்னும் இரண்டுதான் எடுக்க முடியும், மூன்றாவது வராது என்ற நிலை இருக்க வேண்டும். அந்த நிலை 8ஆவதிலிருந்து 15ஆவதுக்குள் வரும்படி பயிற்சியைக் கடினமாக்க வேண்டும்.

தண்டாலைக் கடினமாக்கப் பல வழிகள் உண்டு. மூன்று எண்ணும்வரை இறங்கி, நெஞ்சு தரையைத் தொடும் முன் ஒரு எண்ணிக்கை நின்று, பிறகு எழலாம். காலைத் திண்ணை மேலோ ஒன்றரை அடி உயரப் பெட்டி மேலோ வைக்கலாம். அதுவும் எளிதானால் கல்லூரிப் பையில் 5 கிலோ மணலைக் கட்டி, இடுப்பில் தொங்காமல் தோள்பட்டைகளுக்கு நடுவில் வரும்படி மாட்டிக்கொள்ளலாம். இந்த மூன்றையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டாம். முழங்கை இரண்டும் சிலுவை போல விரிந்தால் தோள் மூட்டு கடிக்கும். உடம்பிலிருந்து அரைச் செங்கோணம் விலகியிருந்தால் போதும். நெஞ்சுக்கு முன் வயிறு தரையைத் தொட்டால் அந்தத் தண்டாலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

200 பஸ்கியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, 20 லிட்டர் தண்ணீர் கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு 12 முறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். கேனோடு சேர்த்துச் சுமார் 21 கிலோ. கேன் முழுதாக நிரம்பியிருக்கட்டும். பாதி கேன் என்றால் தண்ணீர் ஆடி உங்களையும் ஆட்டும். அது பழகியபின் ஒரு காலைப் பின்னால் படியில் வைத்து, முன்காலால் மட்டும் இறங்கி ஏறுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது, அதுதான் முக்கியம். தண்டால் தள்ளுகிற பயிற்சி, பஸ்கி எழுகிற பயிற்சி. இரண்டிலும் இழுப்பதே இல்லை. தாத்தா காலத்தில் அந்தக் குறை தெரியவில்லை, ஏனென்றால் தினமும் கிணற்றில் வாளி போட்டு இறைத்தார்கள். முதுகு, முன்கை, பிடி எல்லாவற்றுக்கும் வேலை அங்கேயே முடிந்தது. உங்கள் வீட்டில் மோட்டார் சுவிட்ச். ஆகவே வாரம் மூன்று நாள் புல்-அப் எடுங்கள். தொங்க உறுதியான வேப்பங்கிளையோ கம்பியோ போதும். ஒன்றுகூட வரவில்லையென்றால் ஸ்டூல் மேல் ஏறி, தாடை கம்பிக்கு மேல் இருக்கும் நிலையிலிருந்து 5 விநாடி எடுத்து மெல்ல இறங்குங்கள். அப்படி 5 முறை, 3 செட். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் முதல் புல்-அப் வந்துவிடும்.

தினமும் வேண்டாம். திங்கள், புதன், வெள்ளி போதும். செட்டுக்குச் செட் 2 நிமிட ஓய்வு. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தேதி, பாரம், எண்ணிக்கை எழுதுங்கள். மூன்று செட்டிலும் 12 வந்தால் அடுத்த வாரம் பாரம் ஏற வேண்டும். போன மாதப் பக்கத்துக்கும் இந்த மாதப் பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லையென்றால் தண்டாலானாலும், ஜிம்மில் பாரம் மாட்டித் தூக்கும் ராடானாலும் பலன் ஒன்றுதான்.

மாட்டுத்தாவணியிலிருந்து ஒரு சுமைதூக்கும் தொழிலாளி: காய்கறி மார்க்கெட்டில் தினமும் 50 கிலோ மூட்டைகளைத் தூக்குகிறேன். இதற்கு மேல் எனக்கு எதற்கு உடற்பயிற்சி? ஆனால் வலது பக்க இடுப்புக்கு மேலே எப்போதும் பிடித்துக்கொள்கிறது.

இதற்கு மேல் பாரம் உங்களுக்கு வேண்டியதே இல்லை. அந்த வேலை தொடாத இடங்களுக்குத்தான் பயிற்சி வேண்டும். மூட்டை எப்போதும் ஒரே தோளில் ஏறுகிறது, உடம்பு எப்போதும் அழுந்துகிறது, ஒருபோதும் நீள்வதில்லை. முதல் வேலையாக மூன்றில் ஒரு நடையாவது இடது தோளுக்கு மாற்றுங்கள். ஆரம்பத்தில் சிறிய மூட்டைகளை மட்டும் மாற்றினால் போதும், பழகாத பக்கம் சட்டென்று 50 கிலோ ஏற்றினால் அந்தப் பக்கமும் பிடித்துக்கொள்ளும்.

வாரம் இரண்டு நாள், 20 நிமிடம். கம்பியில் தொங்குதல் 30 விநாடி, மூன்று முறை. ஒருக்களித்துப் படுத்து முழங்கையூன்றி இடுப்பை உயர்த்தி நிற்பது பக்கத்துக்கு 20 விநாடி, மூன்று முறை, இடது பக்கம் முதலில். மல்லாந்து படுத்துக் காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது 12 முறை, இரண்டு செட். இதை லோடு இறக்கி முடித்த களைப்பில் செய்யாமல் விடுமுறை நாளிலும் வேலை குறைந்த நாளிலும் வைத்துக்கொள்ளுங்கள். பிடிப்பு காலுக்குக் கீழே இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பாலமேடு பக்கத்திலிருந்து மூன்று நண்பர்கள்: எங்கள் ஊர் மந்தையில் பெரியவர்கள் தூக்கிய இளவட்டக்கல் சும்மா கிடக்கிறது. வரும் பொங்கலுக்குத் தூக்க ஆசை. மூவரும் ஜிம்முக்குப் போகிறோம். ஒருவன் முயன்று விரல் நசுங்கியதுதான் மிச்சம்.

விரலோடு போனதே என்று நினைத்துக்கொள்ளுங்கள். கல்லில் அதிகம் கெடுவது இரண்டு: விரல், முன்புஜத்தின் தசைநாண். ராடில் பிடிக்க இடம் இருக்கிறது. உருண்டையான வழவழப்பான கல்லில் பிடியே இல்லை. ஆகவே கையை மடக்கித் தூக்கப் பார்ப்பார்கள். மடங்கிய கையில் மொத்தப் பாரமும் இறங்கும்போது தசைநாண் அறுந்துபோகலாம். தரையிலிருந்து மடிவரை கைகள் இரண்டும் கயிறு போல நீண்டே இருக்க வேண்டும். இதை மனத்தில் ஆணியடித்துக்கொள்ளுங்கள்.

கல்லைத் தொடும் முன் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். வண்டியில் ஏற்றிப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். "நூறு கிலோ இருக்கும்" என்று ஊரில் சொல்வதை நம்பி எதையும் திட்டமிட முடியாது.

தூக்குவதை நான்கு கட்டமாகப் பிரித்துப் பழக வேண்டும். முதலில் கல்லுக்கு இருபுறமும் பாதம், விரல்கள் சற்று வெளிநோக்கி. கல்லை ஒரு பக்கம் சாய்த்து ஒரு கையை அடியில் கொடுங்கள், மறுபக்கம் சாய்த்து மற்றதை. இங்கேதான் விரல் நசுங்கும். சாய்க்கும்போது இன்னொருவர் கல்லைப் பிடித்திருக்கட்டும். இரண்டாவது, நெஞ்சு கல்லோடு ஒட்ட, மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கி, காலால் தரையைத் தள்ளி எழுங்கள். முட்டிக்கு மேல் வந்ததும் பின்னால் உட்காருவது போலக் குந்தி, கல்லை இரு தொடைகளுக்கு நடுவில் மடியில் அமர்த்துங்கள். முதுகு கொஞ்சம் வளையத்தான் செய்யும், கல்லில் அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் வளைந்த நிலை பாதியில் மாறக் கூடாது. மூன்றாவது, மடியில் வைத்தபடியே மூச்சு வாங்கி, கைகளைக் கல்லின் மேற்பக்கமாகச் சுற்றி அணைத்துக்கொள்ளுங்கள். அவசரக்காரர்கள் தோற்பது இங்கேதான். அடியில் கொடுத்த அதே பிடியோடு தோளுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். நான்காவது, இடுப்பை முன்னால் விசுக்கென்று கொடுத்து எழுந்து, கல்லை வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு உருட்டி, ஒரு கையை அடியில் மாற்றித் தோளில் சாய்க்க வேண்டும். பின்னால் போடுவதானால் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. கூட்டம் கூடும் நாளில் இதைப் பார்த்துக்கொள்ளவே தனியாக ஒரு ஆள் வேண்டும்.

பழகுவதற்குக் கல் வேண்டாம், மணல் மூட்டை போதும். ஆற்று மணலுக்கு எங்கே போவது, எம்-சாண்ட் போடுங்கள். கனமான பாலிதீன் பையில் நிரப்பிக் கட்டி, அதை இரண்டு சாக்குக்குள் அடுத்தடுத்துப் போட்டுத் தையுங்கள். முழுதும் அடைக்காமல் கொஞ்சம் தளர்வாக விட்டால் கல்லைவிடப் பிடிக்கச் சிரமமாக இருக்கும், அதுதான் வேண்டும். 25 அல்லது 30 கிலோவில் ஆரம்பித்து வாரம் 2 கிலோ ஏற்றுங்கள். வாரம் இரண்டு நாள்: தரையிலிருந்து மடிக்கு 5 செட், செட்டுக்கு 3 முறை. மடியிலிருந்து தோளுக்கு 5 செட், செட்டுக்கு 2 முறை, வலம் இடம் மாற்றி. நான்காவது வாரம் பாரத்தைப் பாதியாக்கி உடம்பை ஆறவிடுங்கள்.

கல் 80 கிலோ என்றால், ராடில் 120 கிலோ டெட்லிஃப்ட் (தரையிலிருந்து இடுப்புவரை தூக்கி நிமிர்வது) சுத்தமாக வராதவர் அதைத் தோளுக்கு நினைக்க வேண்டாம் என்பது எங்கள் கணக்கு. மூவரில் ஒருவர் இந்தப் பொங்கலுக்கு மடிவரை கொண்டுவந்தாலே நல்ல தொடக்கம். குடலிறக்கம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பார்வையாளர்களாக இருக்கலாம். லுங்கியோடு தூக்கக் கூடாது. உள்ளங்கையில் எண்ணெய்ப் பசை போக உலர்ந்த மண்ணைத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்பானடியிலிருந்து ஒரு வாசகி, வயது 61: தினமும் காலையில் தெப்பக்குளத்தை மூன்று சுற்று நடக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். முட்டி தேய்மானம் என்கிறார்கள். கீழே உட்கார்ந்தால் எழ முடியவில்லை. டாக்டர் தசைக்குப் பயிற்சி செய்யச் சொல்கிறார். இந்த வயதில் டம்பெல் தூக்க முடியுமா?

முடியும், அம்மா. ஆனால் டம்பெல்லில் தொடங்க வேண்டியதில்லை. தெப்பக்குளம் ஒரு சுற்று ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். மூன்று சுற்று நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்ல கணக்கு, அதை விடாதீர்கள். ஆனால் சமதளத்தில் நடக்கும்போது முன்தொடைக்குப் பெரிய வேலை இல்லை. தரையிலிருந்து உங்களை எழுப்ப வேண்டியதும், முட்டியைத் தாங்க வேண்டியதும் அந்தத் தசைதான்.

சுவரோடு ஒட்டிப் போட்ட கைப்பிடியில்லாத நாற்காலி ஒன்று போதும், பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். அதன் மேல் ஒரு தலையணை வைத்து உயரமாக்குங்கள். கைகளை மார்பில் கட்டி, மூக்கு கால்விரல்களுக்கு மேல் வரும்வரை முன்னால் சாய்ந்து எழுங்கள். உட்காரும்போது மூன்று எண்ணுங்கள். தொப்பென்று விழுந்தால் பாதிப் பலன் போய்விடும், இறங்கும்போதுதான் தசை நன்றாக வேலை செய்கிறது. 8 முறை, இரண்டு செட், ஒருநாள் விட்டு ஒருநாள். 12 முறை மூன்று செட் சிரமமில்லாமல் வந்தால் தலையணையை எடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் நாற்காலிக்குப் பதில் தாழ்ந்த ஸ்டூல். கடைசியில் இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்.

கூடவே சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது 12 முறை. சுவரில் கையூன்றித் தள்ளுவது 10 முறை. புடவையானால் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள், கால் மாட்டி விழுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

முட்டி கொஞ்சம் வலிக்கும். பத்துக்கு மூன்று என்று சொல்லும் அளவுக்குள் இருந்து, மறுநாள் காலை பழையபடி ஆகிவிட்டால் தொடரலாம். வீங்கினாலோ இரவில் வலித்தாலோ நாற்காலியை உயர்த்துங்கள், பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். மூச்சை அடக்கக் கூடாது. எழும்போது வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும். சர்க்கரை மாத்திரைகளில் சில சர்க்கரையைச் சட்டென்று தாழ்த்தக்கூடியவை, உங்களுடையது அந்த வகையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கைநடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள்.

தரையிலிருந்து எழுவதையும் தனியாகப் பழக வேண்டும். பாயில் ஒருக்களித்து, கைகளை ஊன்றி, தவழும் நிலைக்கு வந்து, ஒரு பாதத்தை முன்னால் வைத்து, அருகிலிருக்கும் நாற்காலியைப் பிடித்து எழுங்கள். மண்டியிட வலித்தால் கீழே தலையணை. முதல் மாதம் வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

பழங்காநத்தத்திலிருந்து ஒரு வாசகர்: காலையில் வெறும் வயிற்றில் செய்யலாமா?

அரை மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சி என்றால் செய்யலாம். கனமான கால் பயிற்சி, ஓட்டம் என்றால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு அரை மணி கழித்து. பரோட்டா தின்ற இரவுக்கு மறுநாள் காலை இந்தக் கேள்வியே எழாது.

ஒத்தக்கடையிலிருந்து காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்: 1500 மீட்டரை 7 நிமிடம் 40 விநாடியில் ஓடுகிறேன். கயிறு பாதிக்கு மேல் ஏற முடியவில்லை. யானைமலை அடிவாரத்தில் தினமும் ஓடியும் நேரம் குறையவில்லை.

நீங்கள் எட்ட வேண்டியது 7 நிமிடம். 7 நிமிடத்தில் 1500 மீட்டர் என்றால் 100 மீட்டருக்கு 28 விநாடி. 400 மீட்டர் டிராக்கில் ஒரு சுற்று 1 நிமிடம் 52 விநாடி, மொத்தம் மூன்றே முக்கால் சுற்று. நீங்கள் இப்போது ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 3 விநாடி எடுக்கிறீர்கள். தினமும் அதே தூரத்தை அதே வேகத்தில் ஓடினால் உடம்பு அந்த வேகத்தைத்தான் கற்றுக்கொள்ளும். வேண்டிய வேகத்தைத் துண்டு துண்டாகப் பழக்குங்கள். ரேஸ்கோர்ஸ் மைதான டிராக்கிலோ அளந்த சாலையிலோ, 400 மீட்டரை 1 நிமிடம் 48 விநாடியில் ஓடி, 2 நிமிடம் நடந்து, மீண்டும். நான்கு முறையில் ஆரம்பித்து ஆறுக்குக் கொண்டுபோங்கள். முதல் சுற்றை 1:35இல் பறந்துவிட்டுக் கடைசியில் தவழ்ந்தால் அது பயிற்சியே இல்லை, எல்லாச் சுற்றும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். இது வாரம் ஒருநாள். இன்னொரு நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 40 நிமிடம். மூன்றாவது நாள் 1000 மீட்டர் தேர்வு வேகத்தில் இரண்டு முறை, நடுவில் 5 நிமிட ஓய்வு. மற்ற நாள் ஓட வேண்டாம்.

கயிற்றில் உங்களைத் தடுப்பது பெரும்பாலும் பிடியும் உத்தியும்தான். கையால் மட்டும் இழுத்து ஏறுகிறவர் மூன்று மீட்டரில் களைத்துப்போவார். கை நீட்டிப் பிடித்து, முட்டியை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, கயிறு ஒரு பாதத்துக்கு அடியிலும் மற்றப் பாதத்துக்கு மேலும் போகும்படி சிக்கவைத்து இரண்டையும் அழுத்துங்கள். அந்தப் பூட்டின் மேல் எழுந்து நில்லுங்கள், பிறகு கை மாற்றுங்கள். ஏறுவது காலால், பிடித்து நிறுத்துவது கையால். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இந்தப் பூட்டை மட்டும் நூறு தடவையாவது போட்டுப் பழகிய பிறகு உயரே போங்கள். தேர்வில் எந்த முறைக்கு அனுமதி, எத்தனை மீட்டருக்கு எத்தனை மதிப்பெண் என்பதை அந்த ஆண்டு அறிவிக்கையில் பார்த்துவிடுங்கள். கையால் மட்டும் ஏறுவதையும் கொஞ்சம் பழகி வைப்பது நல்லது.

பிடிக்கு: கம்பியில் துண்டைப் போட்டு அதன் இரு முனையையும் பிடித்துத் தொங்குங்கள். 20 விநாடி, நான்கு முறை, வாரம் மூன்று நாள். இறங்கும்போது சறுக்கவே கூடாது, உள்ளங்கைத் தோல் உரிந்தால் இரண்டு வாரம் போய்விடும். காய்ப்பு தடித்துக்கொண்டே போனால் குளித்தபின் தேய்த்து மட்டமாக்குங்கள். தடித்த காய்ப்புதான் கிழியும்.

வில்லாபுரத்திலிருந்து தையல் தொழில் செய்யும் வாசகி: எடை தூக்கினால் பெண்களுக்கு ஆண்களைப் போல உடம்பு வந்துவிடுமா?

வராது. தசை பெரிதாவதில் பெரும்பங்கு வகிக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கு மிகக் குறைவு. வருஷக்கணக்கில் தூக்கும் ஆண்களே சட்டைக்கை இறுகவில்லை என்று புலம்புகிறார்கள். நீங்கள் நாளெல்லாம் குனிந்து தைப்பவர். துண்டையோ ரப்பர் பட்டையையோ ஜன்னல் கம்பியில் மாட்டி, தோள்பட்டைகள் இரண்டும் முதுகில் நெருங்கும்படி இழுப்பதை முதலில் தொடங்குங்கள். 15 முறை, மூன்று செட்.

திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு கணினிப் பணியாளர்: தோள் இறுக்கத்துக்குக் கர்லாக்கட்டை நல்லது என்று கேள்விப்பட்டு 6 கிலோவில் ஒன்று வாங்கினேன். இரண்டே வாரத்தில் வலது தோள் வலி. கட்டை கெட்டதா, நான் கெட்டவனா?

எடைதான் கெட்டது. டம்பெல்லில் பாரம் கைப்பிடியின் இருபுறமும் சமமாக இருக்கிறது. கட்டையில் பாரம் பிடியிலிருந்து ஒரு அடிக்கு மேல் தள்ளி, நுனியில் இருக்கிறது. அது சுழலும்போது இன்னும் கூடுதலாக இழுக்கும். ஆகவே டம்பெல்லில் 10 கிலோவைத் தலைக்கு மேல் தூக்குகிறவருக்கும் கட்டையில் 2 அல்லது 3 கிலோதான் தொடக்கம். 6 கிலோவை ஓரமாக வையுங்கள், ஆறு மாதம் கழித்து வேலைக்கு வரும். வலி முழுதும் அடங்கியபின் சின்னதில் ஆரம்பியுங்கள்.

வாங்கும்போது ஒரே மரத்தில் கடைசல் பிடித்ததா என்று பாருங்கள். பிடியைத் தனியாகச் செய்து ஆணியடித்து ஒட்டியது ஒருநாள் சுழற்சியில் கழன்று பறக்கும். பிடியின் முடிவில் குமிழ் இருக்க வேண்டும், வியர்த்த கை அங்கேதான் நிற்கும். நீளவாக்கில் வெடிப்பு இருந்தால் வேண்டாம். வீட்டில் வெயில்படும் மாடியில் போட்டுவைக்காதீர்கள், மதுரை வெயிலுக்கு நல்ல மரமும் வெடிக்கும்.

வலது கைக்கு முறை இது. கால்கள் தோளகலம். கட்டை உங்கள் முன்னால் நிமிர்ந்து, முழங்கை விலாவை ஒட்டி. கையை முகத்துக்கு முன்னால் இடப்பக்கம் கொண்டுபோய், முழங்கையை உயர்த்தி, கட்டையை இடது தோளுக்கு மேலாக முதுகுப்பக்கம் விழவிடுங்கள். தள்ள வேண்டாம், அதன் எடைக்கு அதுவே விழும். நுனி தரையைப் பார்த்தபடி முதுகை ஒட்டி ஊசலாடி வலப்பக்கம் வரும். அந்த வேகத்தோடு வலது தோளுக்கு மேலாக முன்னால் இழுத்து, பழைய இடத்தில் நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் பயிற்சியின் கடினமான பகுதி. அங்கே அசையாமல் அரை விநாடி நிற்க முடியவில்லை என்றால் கட்டை உங்களுக்குக் கனம்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, கட்டை பின்னால் போகும்போது வயிற்றை முன்னால் தள்ளி இடுப்பை வளைப்பது. தோளில் இல்லாத வளைவை இடுப்பிலிருந்து கடன் வாங்குகிறார்கள். அடிவயிற்றை இறுக்கி, புட்டத்தையும் இறுக்கிக்கொண்டால் அது நிற்கும். அடுத்தது, மணிக்கட்டு மடிவது. கட்டையும் முன்கையும் ஒரே கோட்டில் வர வேண்டிய இடத்தில் மணிக்கட்டு பின்னால் ஒடிந்தால் வலி முழங்கையில் தெரியும். பக்கத்துக்கு 10 சுற்று, மூன்று செட், வாரம் மூன்று நாள். 25 சுற்று சிரமமில்லாமல் வந்தபின் ஒரு கிலோ ஏற்றலாம். மின்விசிறிக்கு அடியில் நின்று சுற்ற வேண்டாம் என்று எழுதத் தேவையில்லை என்றுதான் நினைக்கிறோம்.

தோள் அசைவு, பிடி, இடுப்புத் திருப்பம் ஆகியவற்றுக்குக் கட்டைக்கு இணை கிடையாது. காலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பஸ்கியையோ ராடு ஸ்குவாட்டையோ கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்: ஜிம் மாஸ்டர் பவுடர் டப்பா வாங்கச் சொல்கிறார். ஊசியும் இருக்கிறது என்கிறார். எடை 60 கிலோ.

ஊசி என்று வாயெடுத்தவரிடம் பயிற்சியையே நிறுத்துங்கள். வெளியிலிருந்து ஹார்மோன் ஏற்றினால் உடம்பு தன் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். விந்தணு குறைவது முதல் இதயம் வரை அடி விழும்.

புரதத்துக்கு, பலப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் தாராளம். உங்களுக்கு 96 கிராம். அவித்த முட்டை நான்கில் 24, அரை லிட்டர் பாலில் 16, சோயா உருண்டை உலர்ந்த நிலையில் 50 கிராமில் 26, கொண்டைக்கடலை 50 கிராம் சுண்டலில் 10, நாள் முழுக்கச் சாப்பிடும் சோறு, இட்லி, பருப்பில் 25. நூறைத் தாண்டிவிட்டது. கோழிக்கறி வாங்கும் நாளில் சோயாவை விட்டுவிடலாம். இதெல்லாம் சாப்பிட நேரமில்லாதவருக்குப் பவுடர் ஒரு வசதி, அவ்வளவுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தை மருத்துவரைக் கேட்டே கூட்ட வேண்டும்.

கோரிப்பாளையத்திலிருந்து ஜிம்முக்குப் புதிதாகச் சேர்ந்த வாசகி: ஸ்குவாட் செய்யும்போது முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். அப்படிச் செய்தால் பின்னால் விழப்போகிறேன். அப்புறம், ராடு எத்தனை கிலோ என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

தாண்டலாம். தொடை நீளமானவர்களுக்குத் தாண்டியே தீரும். தடுத்தால் உடம்பு முன்னால் கவிழ்ந்து பாரம் இடுப்புக்குப் போகும். பார்க்க வேண்டியது இரண்டு: குதிகால் தரையை விட்டுத் தூக்கக் கூடாது, முட்டி உள்பக்கம் சரியாமல் கால்விரல் நோக்கும் திசையிலேயே போக வேண்டும். குதிகால் தூக்கினால் இரண்டு சின்ன பிளேட்டுகளைக் குதிகாலுக்கு அடியில் வைத்துச் செய்து பாருங்கள். மெத்தென்ற ஓட்டக் காலணியைக் கழற்றிவிட்டுத் தட்டையான அடிப்பகுதி உள்ள காலணியோடு நில்லுங்கள்.

போட்டிகளுக்கான ராடு ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ. பல ஜிம்களில் இருப்பது அந்த வகை அல்ல, 8 கிலோவும் இருக்கும், 12 கிலோவும் இருக்கும். வீட்டு எடைமெஷினைக் கொண்டுபோய், ராடோடு ஒருமுறை, ராடு இல்லாமல் ஒருமுறை ஏறி நின்று கழித்துப் பாருங்கள். வந்த எண்ணை ராடின் நுனியில் பெயிண்டால் எழுதிவிடுங்கள், உங்களுக்கு அடுத்துச் சேருகிறவருக்கும் உதவும்.